நன்றி சொன்ன கடைசிப் பந்தி

ராக்கெட் எஞ்சினுக்குள் நெருப்பு எப்படி எரிகிறது என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் நான்கு வருடம் ஆராய்ந்தேன். முதல் கட்டுரை வெளியானதும் கல்முனையிலிருந்த வாப்பாவுக்கு அனுப்பினேன். இங்கிலீஷ் தெரிந்தவர், கடைசிப் பந்திவரை வாசித்திருக்கிறார். பணம் தந்த அந்நாட்டு விமானப்படைக்கு அதில் நன்றி சொல்லியிருந்தேன்.

போன் எடுத்தார். “பிளேன் படையா மகள் உனக்குக் காசு தாற?”

“ஓம் வாப்பா. நான் குண்டு செய்யல்ல. நெருப்பத்தான் படிக்கிறன்.”

நான் பிறக்குமுன், நாட்டில் நடந்த யுத்தத்தில், நாவிதன்வெளிப் பக்கம் எங்கள் வயலில் விமானம் குண்டு போட்டு வாப்பாவின் தம்பி மவுத்தானார். வாப்பா வாய்க்காலுக்குள் படுத்துத் தப்பினார். அது தெரிந்துதான் விமானப்படையின் பணத்துக்குக் கையெழுத்து வைத்தேன். வேறு எவரும் என் படிப்புக்குப் பணம் தரவில்லை.

வாப்பா ஏசவில்லை. “நேரத்துக்குச் சாப்பிடு மகள்” என்று போனை உம்மாவிடம் கொடுத்தார். பிறகு ஒருநாளும் என் படிப்பைப் பற்றி அவர் கதைக்கவில்லை.

பட்டம் முடித்து வந்தபோது ஊரைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். “மகள் என்ன படிச்ச?” என்று மாமா என்னிடம் கேட்டார். நான் வாய் திறக்குமுன், “இஞ்சினியரிங்” என்றார் வாப்பா. என் முகத்தைப் பார்க்காமலே சோற்றுச் சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனார்.