புல்தரையில் முளைத்தது

கதை கட்டுகிறேன் என்று தோன்றினால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். 1996 ஆவணியில், பாளையங்கோட்டையில், சங்கரி டீச்சருக்கு நடந்தது இது. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். பேய் என்று யாராவது வாயெடுத்தால் மார்க்கைக் குறைத்துவிடுகிற ஆள்.

வீடு அவருடைய மாமனார் 1961-இல் கட்டியது. தட்டையான கூரை, ஜன்னல்களுக்கு மேல் நீண்ட சிமெண்ட் பலகைகள், முன்னால் அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு அல்லிக்குளம். ஒரு காலத்தில் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன குளம். இப்போது அதில் கொசுதான் குடியிருந்தது. பத்து நாளில் மகள் விஜயஸ்ரீயைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் குளத்தைத் தூர்த்துப் புல்தரை போட்டுவிட வேண்டும் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ஆத்துப் படித்துறை வண்டலைக் கொண்டாந்து கொட்டுங்க."

தோட்டக்காரர் முத்துமாலை முகம் சுளித்தார். "அது வேண்டாம்மா. கருமாதிக்கு மொட்டை போடுத எடம். மண்ணு பூரா முடி."

"முடி நல்ல உரம். சொன்னதைச் செய்யுங்க."

முத்துமாலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு வண்டி மண் வந்தது. மேலே பத்தை பத்தையாகப் புல் பதித்தார்கள்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, காலை 7:20. தண்ணீர் விட்டதும் ஒரு நாற்றம் கிளம்பியது. பல நாள் கழுவாத ஈரத்தலையின் சிக்கு நாற்றம்.

வியாழன் மாலை 4:10.

புல்லுக்கு நடுவே கறுப்பாக ஒரு கொத்து. தொட்டார். பிசுபிசுவென்று ஒட்டியது. அருவருப்போடு பிடித்து இழுத்தார்.

சளக்…

வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண்… ஒரு முழம்…

அடியில் வெள்ளை வேர். அதில் பொடுகு.

கதகதப்பாக இருந்தது.

"அம்மா!"

வீட்டுக்குள்ளிருந்து அலறல். விஜயஸ்ரீ பின்னந்தலையைப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"யாரோ என் முடியப் பிடிச்சு இழுக்காங்கம்மா…"

கையை விலக்கிப் பார்த்தார். காலணா அளவுக்குச் சொட்டை. ரத்தம்.

தன் உள்ளங்கையை முகர்ந்தார். சீயக்காய். காலையில் மகள் தேய்த்துக் குளித்த அதே சீயக்காய்.

அங்கிருந்தே முத்துமாலையைக் கூவி அழைத்தார்.

ஆறு மணிக்குள் மண்ணை அள்ளியாயிற்று. "ஒரு பிடி இருக்கப்பிடாது. ஆத்துலயே கொட்டிருங்க."

பெண் பார்த்தார்கள். கல்யாணம் நடந்தது. விஜயஸ்ரீ சென்னைக்குப் போனாள். சங்கரி அதை மறக்கப் பார்த்தார்.

அடுத்த வருடம் ஒரு நாள், காலை பதினொரு மணி. முத்துமாலை வாழைத்தாரோடு வந்து நின்றார். தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்கம்மா. அன்னைக்கு நான் படித்துறை மண்ணு எடுக்கவே இல்ல. மனசு வரல. என் வாழை வயல் மண்ணைத்தான் கொண்டாந்தேன். சுத்தமான மண்ணு. நல்ல மண்ண எதுக்கு ஆத்துல கொட்டணும்னு திருப்பி அங்கனயே போட்டுட்டேன். இந்தத் தாரு அதுல வந்ததுதான்."

தாரை வாங்க நீட்டிய கையைச் சங்கரி இழுத்துக்கொண்டார். "இப்போ… அங்கன யாரு இருக்கா?"

"எங்க வீட்டுக்காரி தனலட்சுமிதான். களை பறிக்கா."

உள்ளே டெலிபோன் அடித்தது. மணி 11:05.

சென்னையிலிருந்து விஜயஸ்ரீ. அழுதுகொண்டிருந்தாள்.