கேப்டன் இடிவேந்தனின் இறப்புச் சான்றிதழ்

ஞானம்பாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், அவளும் சொல்ல மாட்டாள். படாளத்துக் கரும்புக்காட்டில் பிறந்து, கல்பாக்கம் குடியிருப்பில் அணுமின் டெக்னீஷியனுக்கு வாழ்க்கைப்பட்டு, செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவில் எழுத்தராக உட்கார்ந்தவள். "நீ உயிரோட நிக்கிறது எனக்குத் தெரியுதுய்யா. பேப்பருக்குத் தெரியணும் இல்ல?" என்று கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவனைக் கேட்பாள். அவனும் தன்னைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

இந்த ஞானம்பாள்தான் 'வியாழன் விரைவு' எழுதிய ஞானம்பாள். நம்புங்கள். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே, பாக்கெட் சைஸ் நாவல், அந்த வரிசையில் இரண்டாயிரத்து ஒன்றுக்குள் பதினொரு புத்தகம் அவள் எழுதியது. கிரகத்துக்குக் கிரகம் ஓடும் ஓர் ஓட்டை விண்கலம், அதை ஓட்டும் கேப்டன் இடிவேந்தன், மந்திரம் போட்டால் பாதி நேரம் பலிக்காத சூனியக்காரி மின்னி, திடீர் திடீரென்று ஏறிச் சோதனை போடும் ஒரு டிராகன். விஞ்ஞானமும் உண்டு, மாயமந்திரமும் உண்டு, சிரித்துச் சிரித்து வயிற்றுவலியும் உண்டு.

இதெல்லாம் எங்கிருந்து முளைத்தது என்றால், ஒரு ஜெராக்ஸ் கடையின் புண்ணியம்.

தொண்ணூற்று மூன்றில், அவளோடு தினமும் எட்டே காலுக்குச் செங்கல்பட்டு பஸ் ஏறும் நர்ஸ் சுஜாதா ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தாள். அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஆனந்தன் லீவில் வந்தபோது வைத்திருந்த விளையாட்டுப் புத்தகத்தின் நகல். ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, ஒருத்தர் கதை சொல்ல, மற்றவர்கள் "நான் வாளை உருவுறேன்", "நான் ஓடிப்போறேன்" என்று சொல்லிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டமாம். கதை சொல்லும் வேலையை ஞானம்பாள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். சுஜாதா மின்னி ஆனாள். மூன்றாவது ஆள், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் மோசஸ். மீசையில்லாத, அதிர்ந்து பேசாத மனுஷர். அவர்தான் கேப்டன் இடிவேந்தன்.

இரண்டு சிக்கல். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒவ்வொரு தாளிலும் முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்திருந்தார். ஒன்று, மூன்று, ஐந்து இருக்கிறது. இரண்டு, நான்கு, ஆறு இல்லை. பாதி விதிதான் கையில். அப்புறம், ஓடுகிற பஸ்ஸில் பகடை உருட்டினால் அது யார் காலடிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. முதல் நாளே ஒரு மீன்கூடைக்குள் போய்விட்டது.

பகடைக்கு மோசஸ் வழி சொன்னார். கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிற டிக்கெட்டில் வரிசை எண் இருக்கிறதே, அதன் கடைசி இரண்டு இலக்கம். ஆளுக்கு நாளுக்கொரு டிக்கெட், நாளுக்கொரு விதி. ஒரு சண்டை முடிய ஒரு வாரம் ஆகும். இதற்காக மூன்று பேரும் மாதப் பாஸ் எடுப்பதையே விட்டார்கள். ஞானம்பாளின் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

இல்லாத பக்கங்களை ஞானம்பாள் தன் இஷ்டத்துக்கு நிரப்பினாள். சாவு எப்படி என்ற விதி அந்தக் காணாமல்போன பக்கங்களில் எங்கோ இருந்தது. ஆகவே அவர்கள் ஆட்டத்தில் யாருமே சாகவில்லை. பலம் பூஜ்யமானால், அடிபட்டவன் நொண்டிக்கொண்டே புளூட்டோவில் உள்ள 'அண்டசராசர உயிர்ப்பதிவு அலுவலக'த்துக்குப் போய், தான் உயிரோடிருப்பதற்கு ஏழு படிவம் நிரப்பி, சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிவர வேண்டும். அலுவலகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொண்ணூற்று ஏழில் இதை எழுதி மெட்ராஸில் பாக்கெட் நாவல் போடும் அப்பாசாமிக்கு அனுப்பினாள். அவர் சிரித்தார், அச்சடித்தார், விற்றார். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு வரி வரவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள்: 'இதில் நடப்பதெல்லாம் பஸ் டிக்கெட் சொன்னபடி. ஆசிரியை ஓர் எண்ணையும் மாற்றவில்லை.' அந்த வரியில் அவளுக்கு எழுத்தைவிடப் பெருமை.

இரண்டாயிரத்து ஒன்றில் அப்பாசாமி போன் போட்டார்.

"ஏம்மா, பத்தும் பதினொண்ணும் தூங்குது. பன்னெண்டோட மூடிடலாம். கேப்டனை சாவடிச்சிடு. ஹீரோ செத்தான்னு அட்டையில போட்டா கடைசி புக்கு பிச்சுக்கினு போவும். அப்பால நீ பேய்க்கதை எழுது."

"எங்க ஆட்டத்துல யாரும் சாவுறதில்ல சார்."

"அப்ப அடுத்த புக்கு இல்ல."

ஞானம்பாள் கலங்கவில்லை. விதி தன் பக்கம் என்று நினைத்தாள். பாருங்கள், அந்த வாரமே ஆனந்தன் மறுபடி லீவில் வந்தான், முழுப் புத்தகத்தோடு. சுஜாதா பஸ்ஸில் அதைப் பிரித்தாள். இருபத்திரண்டாம் பக்கம்: பலம் பூஜ்யமானவன் ஒருமுறை பகடை உருட்ட வேண்டும், நூறுக்குப் பத்துக்குள் விழுந்தால் செத்தான். கேப்டன் அப்போது சனிக்கிரகத்துப் பாம்புராணியிடம் கடிபட்டு, சரியாகப் பூஜ்யத்தில் கிடந்தார்.

"அக்கா, இதைப் பார்க்காத மாதிரி இருந்துடலாமா?" என்றாள் சுஜாதா.

ஞானம்பாளும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். மோசஸ் முந்திக்கொண்டார். "தெரியாம ஆடுனது வேற மேடம். தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி ஆடுனா, பின்னட்டையில நாம போட்டுக்கினு வர்ற அந்த வரி பொய்யாப் பூடும்."

ஞானம்பாள் சுஜாதா மடியிலிருந்த புத்தகத்தை மூடினாள். "சரி, நாளைக்கு உங்க டிக்கெட்டு சொல்லட்டும்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, வீட்டில் அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கேப்டன் போனால் வரிசை போச்சு. நான்கு வருஷமாகத் தன்னுடையது என்று அவளுக்கிருந்த ஒரே பொருள் அது. அதை எப்படி லேசில் விடுவது?

மறுநாள் பஸ் கல்பாக்கத்திலேயே நிறைந்துவிட்டது. ஞானம்பாளுக்குக் கிடைத்த டிக்கெட் தொண்ணூற்றாறு. அடுத்து மோசஸ். தொண்ணூற்றேழு என்றால் கேப்டன் பிழைத்தார். ஞானம்பாள் மூச்சு விட்டாள்.

பக்கத்தில் தாம்பாளமும் பூவுமாகக் கல்யாணத்துக்குப் போகும் கூட்டம். அதில் ஒரு பெரியவர் கையில் சில்லறையை நீட்டிக்கொண்டு தடுமாறினார். மோசஸ் ஒதுங்கி நின்றார். "கண்டக்டர் சார், அவங்களுக்கு முதல்ல குடுத்துடுங்க. பாவம், கையில தட்டு வெச்சிகினு நிக்கிறாங்க."

"செங்கல்பட்டு ஏழு!" என்றார் பெரியவர்.

சர் சர்ரென்று ஏழு டிக்கெட் கிழிந்தது. ஞானம்பாள் விரல்விட்டு எண்ணினாள். அடப்பாவி மனுஷா! உலகத்தில் மரியாதை தெரிந்த கடைசி ஆளும் நீதானா? மோசஸ் கைக்கு வந்தது பூஜ்யம் நாலு.

சுஜாதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மோசஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்லா எழுதிடுங்க மேடம். கேப்டன் அழுதுகினு சாவ மாட்டாரு" என்றார். அப்புறம் டிக்கெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். எட்டு வருஷம் அந்த ஆளாக இருந்திருக்கிறாரே.

செங்கல்பட்டில் இறங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்கு முதல் வேலையாக ஒரு வேட்டிக்காரர் வந்தார். பங்காளி செத்துப் பதினொரு மாசம், பதியவில்லை. "சாட்சி யாரு? டாக்டர் சீட்டு எங்க? தாமதத்துக்கு உத்தரவு வாங்கினியா? இதெல்லாம் இல்லாம நான் எப்படிய்யா அவரைச் செத்தவர்னு எழுதுறது?" என்று வழக்கம்போல் எகிறினாள். எகிறிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினாள். பேனாவைக் கீழே வைத்தாள். வேட்டிக்காரர் பயந்துபோய், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல நைனா. உக்காரு. உன் வேலையை முதல்ல முடிச்சுத் தரேன்" என்றாள். பதினொரு வருஷத்தில் அவள் அங்கே யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் புத்தகத்தில் கேப்டன் இடிவேந்தன் செத்தார். சந்தேகமே வேண்டாம், டிக்கெட் சொன்னபடி முப்பதாம் பக்கத்தில் பட்டென்று செத்தார். பாம்புராணியே துக்கத்தில் ஒருநாள் விரதமிருந்தாள். மின்னி மட்டும் புளூட்டோ அலுவலகத்துக்குச் சாவைப் பதியப் போனாள். அங்கே இருக்கும் எட்டுக் கை எழுத்தர் கேட்டார்: இதற்கு முன் பதினொரு தடவை இவர் உயிரோடிருப்பதாக நாங்களே முத்திரை குத்தியிருக்கிறோம். அந்தப் பதினொன்றையும் ரத்து செய்யாமல் இவரை எப்படிச் செத்தவர் என்று பதிவது? இறந்தவர் நேரில் வந்து ஆட்சேபம் இல்லையென்று எழுதித் தரட்டும். கடைசிப் பக்கத்தில் கேப்டன், செத்தவர்தான், வெள்ளைத்துணியோடு வரிசையில் வந்து நின்றார். டோக்கன் கொடுத்தார்கள். அவருக்கு முன்னால் நாலாயிரம் பேர்.

அப்பாசாமி போனில் கத்தினார். "நான் முடிக்கச் சொன்னேன்!"

"சாவு முடிஞ்சிடுச்சி சார். பைல்தான் முடியல. அதுக்கு நான் இன்னா பண்றது, அது ஆபீஸ் வெவகாரம்."

அட்டையில் 'கேப்டன் மரணம்' என்று போட்டு அவர் அச்சடித்துவிட்டார். மூன்று வாரம் சத்தமில்லை. பிறகு அவரே ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு கல்பாக்கம் வந்து இறங்கினார். உள்ளே கடிதங்கள். சாதாரணக் கடிதமில்லை, மனுக்கள். 'உயர்திரு அண்டசராசரப் பதிவாளர் அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து, கேப்டனின் இறப்பைப் பதியக்கூடாது என்று ஆட்சேபித்து, சில பேர் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு வேறு ஒட்டியிருந்தார்கள். அப்பாசாமி மோர் குடித்துவிட்டு, "பதிமூணு எப்பம்மா தருவே?" என்று கேட்டார். இறங்கி வந்துதான் கேட்டார்.

ஞானம்பாள் வெற்றிக்களிப்பில் ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்தாள். நடுவில் ஒரு நோட்டுத்தாள்.

'அய்யா, எங்கூட்டுக்காரர் கட்டுமரம் எட்த்துகினு போயி மூணு வருசம் ஆவுது. ஆளும் வர்ல, பாடியும் வர்ல. செத்தாருன்னு பேப்பர் குடுக்க ஏழு வருசம் ஆவணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எம்பொண்ணு உங்க புக்கு படிச்சிக் காட்டுச்சி. கேப்டன் பைலு முடியாம கீதாமே. அப்டியே இருக்கட்டும். முடிச்சுறாதீங்க. கன்னியம்மா, திருவிடந்தை.' கீழே கைநாட்டு.

இப்படி எத்தனை பேர் அவள் கவுன்ட்டருக்கு வந்திருப்பார்கள்! 'ஏழு வருஷம் ஆவணும்மா, அடுத்தது யாரு?' அவ்வளவுதான் அவள் சொன்னது. வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள், அந்தத் தாளை வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் அழுதாள். அப்பாசாமி எதிரில் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

மற்ற மனுக்களுக்கு அச்சடித்த பதில் போயிற்று. இதற்கு மட்டும் அவள் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, திருவிடந்தையில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போனாள். வலைக்கு ஓரத்தில் உட்கார்ந்து மீன் காயவைத்துக்கொண்டிருந்த கன்னியம்மாவின் கையில் காகிதத்தைக் கொடுத்தாள். அவள் மகள் வாங்கி வாசித்தாள்: 'மனு ஏற்கப்பட்டது. மனுதாரர் போதும் என்று சொல்லும் வரை கோப்பு முடிக்கப்படாது.'

கன்னியம்மா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சீலு இல்லியே?" என்றாள்.

"நான் கையெழுத்து போட்டுகீறேன்" என்றாள் ஞானம்பாள். "அதை எந்த ஆபீஸும் மாத்த முடியாது."