யாரும் தொடவில்லை என்று சொன்னேன்

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். அந்த வருஷம் நிலக்கடலைக் காடெல்லாம் கம்பளிப்புழு மொய்த்துக் கிடந்தது. மருந்து தூவ ஒரு சின்ன விமானம் வந்து போய்க்கொண்டிருந்தது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரட்டை இறக்கை வைத்த பழைய விமானம். ஒரு நாள் சாரலுக்குள் அது இருமிக்கொண்டே தாழ வந்து, நாங்கள் மாடு மேய விட்டிருந்த புல் காட்டில் இறங்கிவிட்டது. நல்லவேளை, ஓட்டி வந்தவருக்குக் கீறல்கூட இல்லை.

மறுநாள் காலை கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். இஞ்சினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பிளக்குக்குப் போகிற ஒயரெல்லாம் ரப்பர் வெடித்துக் கிடக்கிறது, ஈரம் பட்டதும் நெருப்புப் பொறி வழியிலேயே கசிந்துவிடுகிறது, அதனால்தான் இருமல் என்றார்.

எங்கள் தோட்டத்தில் வேலை செய்த பெண் ஒருத்தி வாய்த்துடுக்குக்காரி. "ஏனுங்ணா, இது எங்க கல்யாணத்துக்கு முந்துன வண்டியாட்ட இருக்குதுங்களே?" என்று கேட்டாள்.

"உங்க மாமியா கல்யாணத்துக்கே முந்துனது அம்மிணி. மாமியாளாட்டம் பேசத்தான் தெரியாது. இருமத்தான் தெரியும்" என்றார். அத்தனை பேரும் சிரித்தோம்.

அவள் சிரித்துக்கொண்டே இறக்கையைத் தடவினாள். நான் அதட்டினேன். "கைய எடு புள்ள." பிறகு மெக்கானிக்கிடம் திரும்பி, "எங்க ஊட்டுக்கு வந்த பொருளு ஒண்ணு எடம் மாறுனதுன்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க அண்ணா. நீங்க நம்பி வெச்சுட்டுப் போலாம்" என்றேன். உண்மைதான். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. எனக்கு அதில் பெருமை உண்டு.

இஞ்சினைச் சுற்றி ஒரு குழாய் வளையம் இருந்தது. பதினான்கு ஒயரும் அதற்குள்தான் ஓடுகின்றன. அவர் அதைக் கழற்றி எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து, பழைய ஒயரை உருவிவிட்டுப் புதியதைக் கோத்தார். ஒரு முனை வளையத்தைச் சுற்றி அதனதன் இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். மறுமுனைகள் எல்லாம் ஒரே இடத்தில் கொத்தாக வெளியே வரும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு சின்ன பல்பையும் பேட்டரிக் கட்டையையும் வைத்து, எந்த முனை எதனுடையது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எண் எழுதிய காகிதச் சீட்டை நூலில் கட்டினார். இருட்டும் முன் வேலை முடிந்தது. வளையத்தை வாசலில் சாக்கு விரித்து வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளியில் வெயில் வருமுன் வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். எது கிடந்தாலும் எடுத்து வைத்துவிட்டுத்தான் தெளிப்பேன். அன்றும் வளையத்தைத் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் வைத்தேன். இரவு பெய்த சாரலில் சீட்டெல்லாம் ஊறிக் கிடந்திருக்கிறது. தூக்கினதும் ஐந்து சீட்டு கிழிந்து கீழே விழுந்துவிட்டது. எது எந்த முனைக்குப் பக்கத்தில் கிடந்ததோ அதற்கே என்று நானாக நினைத்துக்கொண்டு, மறுபடியும் நூலைச் சுற்றிக் கட்டிவிட்டேன். தெளித்து முடித்ததும் பழைய இடத்திலேயே சாக்கை விரித்து வைத்தேன்.

அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தார். சாக்கின் அடியில் சாணி ஈரம். குனிந்து சீட்டுகளைப் புரட்டினார்.

"ஏனுங்கம்மிணி, இத யாராச்சும் எடுத்தீங்களா? எடுத்திருந்தாலும் ஒண்ணும் தப்பில்லீங்க. பல்பு வெச்சு மறுக்காப் பாத்துக்குவேன், அரை மணி நேரம்தான்."

எங்கள் வீட்டுக்காரர் நின்றார். விமானம் ஓட்டுகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் நான் அதட்டிய பெண்ணும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

"யாரும் தொடுலீங்க அண்ணா" என்றேன்.

"அம்மிணி சொன்னாச் சரி" என்று வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

சீட்டில் இருந்தபடியே மாட்டி முடித்தார். பேட்டரி இறங்கிப்போயிருந்ததால் முன்னால் இருக்கிற காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டியிருந்தது. மூன்றாவது சுற்றில் பொறி தப்பான நேரத்தில் விழுந்து, காற்றாடி ஒரே உதறலில் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. எனக்கு ஒரு சத்தம் கேட்டது. அது இஞ்சின் சத்தம் இல்லை. அவர் புல்லில் உட்கார்ந்திருந்தார். வலது முன்கை இரண்டாக மடிந்து தொங்கிற்று.

ஓட்டுகிறவர் இஞ்சின் உதறின விதத்திலேயே புரிந்துகொண்டு, குதித்து இறங்கிக் கத்தினார். "ஒயரை மாத்தி மாட்டியிருக்கியேய்யா! இருபது வருஷமா இதைத்தானே பண்றே? நான் உள்ளே இருக்கேன்யா!"

ஜீப் வரும்வரை மெக்கானிக்கை வேப்பமரத்தடியில் படுக்க வைத்தோம். நான் தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அம்மிணி, கை போனாப் போகுதுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நெசத்தச் சொல்லுங்க, யாராச்சும் தொட்டாங்களா? நானா மாத்திக் கட்டியிருந்தா, இனி நான் இஞ்சின் பக்கமே போகக்கூடாதுங்க. இன்னிக்கு என்ற கையோட போச்சு. மேல போயி இஞ்சின் நின்னுருந்தா ஒரு உசுரு போயிருக்கும்."

சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான். காலையில் சொல்லாததை இப்போது சொன்னால் இந்தக் கையை ஒடித்தவளே நான் என்று ஆகிவிடும்.

"இல்லீங்க அண்ணா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலி தாங்காமல்தான் மூடினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜீப் வந்து அவரைப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று.

எட்டு நாள் கழித்து வேறொரு மெக்கானிக் வந்து பல்பு வைத்துப் பார்த்தார். நான் கட்டிய ஐந்து சீட்டில் இரண்டுதான் மாறியிருந்தன. சரிசெய்ததும் விமானம் பறந்துபோயிற்று. போகும் முன் அவரிடம் பழைய மெக்கானிக்கைப் பற்றி விசாரித்தேன்.

"கை கூடிரும்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. ஆளுதான் இனி வேலைக்கு வரமாட்டேங்கறாரு. கைய நம்பலாம், என்ற தலைய நம்ப முடியலேங்கறாரு. எத்தன சொல்லியும் கேக்கலீங்க."

அப்போது என் கையில் மோர்ச் சொம்பு இருந்தது. ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிறகு ஒருமுறை, கை ஒடிந்தவர் எந்த ஊர் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உனக்கெதுக்கு அது?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. வாயால் சொல்ல இன்றைக்கும் வரவில்லை.

அந்த மெக்கானிக் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு இத்தனை பாரம் இருந்திருக்காது. தன் இருபது வருஷத்து வேலையையும் என் ஒரு வார்த்தையையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிட்டு, அந்த மனுஷர் என் வார்த்தையை நம்பினார்.