மூணு சிலிண்டரும் பக்கத்து சீட்டும்

வாய் இருந்தால் கார் விற்றுவிடலாம் என்று நினைத்துத்தான் வில்லியனூர் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டெஸ்ட் டிரைவுக்குக் கூடப் போகிறவர்களுக்குத்தான் இந்தப் பாடு தெரியும். எங்கள் பெரிய வண்டியில் முன்பு நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் இருந்தது. இப்போது அதே உடம்புக்குள் மூணு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், காற்றை அழுத்தி ஊதிப் பலம் கூட்டுகிற டர்போவோடு. "சின்னதுதான், ஆனா இழுவை குறையாதுங்க" என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஓட்டிப் பார்த்தே ஆகணும் என்கிறார்கள். அங்கேதான் நான் சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டிக்கொள்வேன்.

ஏரிக்கரை ஏற்றம்

ராமலிங்கம் பாகூரில் நெல் பயிரிடுகிறவர். பானெட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மீதி இன்ஜின் எங்க?" என்றார். விளக்கினேன். காதிலேயே வாங்கவில்லை. "எங்க ஏரிக்கரை மேல ஆளுங்களோட ஏறட்டும், அப்புறம் பேசலாம்" என்று மனைவி, தம்பி, தம்பி மனைவி எல்லோரையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

அவர் கியரைக் குறைக்காததால் பாதி ஏற்றத்தில் இன்ஜின் அணைந்தது. அவர் கியரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. எங்களுக்குப் பின்னால் வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் நிறைந்த ஏரி. தம்பி மனைவி "ஐயோ அம்மா" என்று அலறினாள். நான் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அவரைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்து, முதல் கியரில் மெதுவாக மேலே ஏற்றிவிட்டேன். சொன்னபடியே ஏறியது. கரை மேல் இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே ராமலிங்கம் சொன்னார்: "வண்டி மேல தப்பில்ல பாப்பா. ஆனா உசுரு இன்னும் கீழ ஏரிப் பக்கமே நிக்குது, இன்னிக்கி விலை பேச வேணாம்."

அமெரிக்கா மாமா

அடுத்து வந்த ஜோசப்புக்கு வண்டி பிடித்திருந்தது. அமெரிக்காவில் இருக்கும் அவன் மாமாவுக்குத்தான் பிடிக்கவேண்டும். வண்டியை எடுத்ததுமே வீடியோ காலில் மாமாவைக் கூப்பிட்டு போனை டேஷ்போர்டில் சாய்த்துவைத்தான். "ஓட்டும்போது வேணாங்க" என்றேன். "ரெண்டு நிமிஷம்கா" என்றான்.

மாமா எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டி வைத்திருக்கிறார். அதை ஸ்டார்ட் செய்து உறுமலைக் கேட்கவைத்தார். "இங்கயும் இதே சண்டைதான்டா. அடுத்து வர்ற மாடல்ல ஆறு போதும், நாலு போதும்னு ஒரு கூட்டம். எட்டு இல்லன்னா அது அந்த வண்டியே இல்லன்னு எங்க கூட்டம்."

"சின்னதுல டர்போ வச்சா அதே வேகம் வருதே மாமா? முன்பக்கம் வெயிட்டும் குறையும், நல்லா திரும்பும்!"

"வேகம் வரும்டா, யாரு இல்லன்னா? அந்த சத்தம் வருமா?"

ஜோசப் பதில் சொல்ல முழுசாகப் போன் பக்கம் திரும்பினான். எதிரே ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் ரயில் ஹாரன் கேட்டது. "பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. டயர் தேய்ந்து வண்டி நின்றபோது கேட்டுக் கம்பு பானெட்டுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. போன் என் காலடியில் விழுந்து கிடந்தது. ரயில் தடதடவென்று போய் முடிந்த பிறகு, கீழேயிருந்து மாமா குரல் வந்தது: "டேய், சட்டுனு நின்னுச்சேடா! இன்ஜின் எத்தினி சிலிண்டரா இருந்தா இன்னா, பிரேக் சூப்பர், வாங்கிடு."

பஸ்ஸை முந்தியபோது

பஷீர் பாய் மளிகைக் கடைக்காரர். அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி பின் சீட்டில் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பைபாஸில் முன்னால் போன பஸ்ஸை முந்த பாய் வலது பக்கம் ஏறினார். டர்போ வண்டி, மிதித்ததும் ஒரு கணம் யோசிக்கும், அப்புறம்தான் பாயும். அந்த ஒரு கணத்தில் எதிரே லாரி வந்துவிட்டது. லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தான் லாரிக்காரன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதுகு சீட்டோடு அழுந்தியது. கண்ணைத் திறந்தபோது பஸ் பின்னால் இருந்தது.

பாய் ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை அவரால். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. அந்த அம்மா பயத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். பாய்தான் தாழ்ந்த குரலில் சொன்னார், மூத்த மகன் பெரிய பைக்கில் இப்படித்தான் ஒரு பஸ்ஸை முந்தப் போய் வீடு திரும்பவில்லை என்று. அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னார்: "இன்ஜின் சின்னது, நீங்க யாரையும் முந்த மாட்டீங்கன்னுதான் இந்த வண்டிய பாக்கவே வந்தேன்."

திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார்கள். ஷோரூம்வரை எங்களை எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள்.

மேனேஜர் கொண்டுவந்த சேதி

மறுநாள் மேனேஜரிடம் போய், இனிமேல் பக்கத்து சீட்டு வேண்டாம், உள்ளேயே ஏதாவது வேலை கொடுங்கள் என்றேன். ராத்திரி முழுக்க அந்த லாரி லைட்தான் கண்ணுக்குள் என்றும் சொன்னேன். பாவம், பொறுமையாகத்தான் கேட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு, ஏதோ நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி குனிந்து சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க தேவி, அடுத்து வர்றது இன்ஜினே இல்லாத கரண்டு வண்டி, அதுல சத்தமே வராது, நீ கத்துறது மட்டும்தான் கேக்கும்."

இன்ஜினைச் சின்னதாக்கத் தெரிந்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவளின் பயத்தைச் சின்னதாக்க மட்டும் இன்னும் ஒன்றும் கண்டுபிடித்த பாடில்லை.