ஏழாம் வளைவு

வக்கீல் கின்யோனெஸின் அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவள் நெரெய்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ரிமோட் பந்தயக் கார்களுக்கு ஷாக் அப்சார்பர் கட்டுபவளும் அவள்தான். எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் இழுத்து, கடைசிக் காற்றுக் குமிழி வெளியேறும்வரை மூடியைத் திருகமாட்டாள். காகுவாஸ் ஊர் வெயிலில் எண்ணெய் நீர்த்துவிடும். மதியத்துக்குக் கெட்டி எண்ணெய் தனியாக வைத்திருப்பாள். முன்சக்கரங்கள் இடப்பக்கம் மடங்கும் அளவுக்கு வலப்பக்கமும் இம்மி பிசகாமல் மடங்க வேண்டும் அவளுக்கு. வண்டி ஜெயித்ததும் வக்கீல் நெஞ்சில் சிலுவை போட்டு மாதாவுக்கு நன்றி சொல்வார். மாதா ஒருநாளும் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதில்லை.

இந்த ஆண்டு அவர் கழித்துப்போட்ட பாகங்களைக் கோத்து நெரெய்தா தனக்கென்று ஒரு மின்சார வண்டி செய்தாள். நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாக இறுதி ஓட்டத்துக்குத் தேறியிருந்தாள். அதில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் சாந்தோ தொமிங்கோ நகரில் நடக்கும் பெரிய பந்தயத்துக்குப் போகலாம்.

ஓடி முடித்தவர் அடுத்த ஓட்டத்தில் வளைவில் நின்று, கவிழும் வண்டிகளை நிமிர்த்த வேண்டும். வராவிட்டால் அவர் ஓட்டம் செல்லாது. அது அந்தத் தடத்தின் விதி. இன்ஜின் வண்டி ஓட்டத்தில் அப்போதுதான் முதலாவதாக வந்த வக்கீல், நிழலில் உட்கார்ந்து குச்சியில் சுட்ட இறைச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“நெரெய்தா, ஏழாம் வளைவுல போய் நின்னுக்கம்மா.”

“இது என் ஓட்டம் வக்கீலய்யா. நீங்கதான் நிக்கணும்.”

“அடேங்கப்பா. தச்சுக் குடுக்கிறவ அந்தச் சட்டையையே மாட்டிக்கிட்டு கல்யாணத்துக்குக் கெளம்பிட்டா.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நெரெய்தா ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையில் ஏறி, ரிமோட்டைப் பிடித்து ஓட்டினாள். இரண்டாவதாக வந்தாள். ஏழாம் வளைவு கடைசிவரை காலியாகவே கிடந்தது.

முடிவுப் பலகையில் அவள் பெயர்மேல் கோடு கிழித்திருந்தது. போட்டி நடத்துநர் ஓஸ்வால்தோ நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

“ஏழாம் வளைவுக்கு ஆள் வரல. ஆறு வருஷமா அந்த இடத்துல உன் பேருதான் எழுதியிருக்கு.”

“அவருக்குப் பதிலாத்தானே நின்னேன்?”

“எழுதினதத்தான் நான் பாக்க முடியும், பொண்ணே.”

“அப்ப அவரு ஜெயிச்சது?”

“அந்த வளைவுக்கு அவரு பேரே நோட்டுல இல்லையே. எதைக் கோடு போட்டு அடிக்கிறது?”

ஆறு வருடத்தில் அவள் நிமிர்த்திய வண்டிகள் பற்றி அந்த நோட்டில் ஒரு வரியும் இல்லை. அவள் வராத ஐந்து நிமிடம் பதிவாகிவிட்டது. சட்டம் படித்தவர் பக்கத்தில்தான் நின்று, கடைசி இறைச்சித் துண்டை மென்றுகொண்டிருந்தார். பிறகு தன் வண்டியை அவள் மேசையில் வைத்தார்.

“சாந்தோ தொமிங்கோ போற வண்டி. வலப்பக்கம் திரும்ப முரண்டு பிடிக்குது, பாரு.”

கோணலாகவே வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. ஸ்டீரிங் கம்பியை அரைச்சுற்று திருகினாள். சக்கரங்கள் இரு பக்கமும் சரியாக மடங்கின. தப்பாகத் திருக அவள் கைக்கு வராது. அது தெரிந்துதான் வக்கீல் கொடுத்திருந்தார்.