பதினொரு பிரதிகள்

ஒரு பெண் என்னை நம்பித் தனிமையில் சொன்ன விடயத்தை நான் இன்னொருவரிடம் சொன்னேன். அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய பதவி கிடைக்காமல் போனது. வாய் தவறிச் சொல்லவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னேன்.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தில் பீடாதிபதி. பதுளையிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் இருக்க வேண்டும். அந்தப் பெண் என் பீடத்தில் விரிவுரையாளர். பதுளைக்கு அருகே ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தில் பிறந்தவர். அவர் என்னிடம் சொன்னது தனக்குள் இருந்த ஒரு பயத்தைப் பற்றி. அது அவருடைய வேலையை ஒரு நாளும் கெடுத்ததில்லை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த வருடங்களில் கோச்சிங் என்ற ஒன்று புதிதாக வந்திருந்தது. பொறுப்புகளுக்கு வரப்போகிறவர்களோடு ஒருவர் தனியாக உட்கார்ந்து, அவர்கள் தங்கள் வழியைத் தாங்களே கண்டுகொள்ளும்படி கேள்வி கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. தீர்ப்புச் சொல்லக் கூடாது. அறையில் பேசியது அறைக்கு வெளியே போகக் கூடாது. என்னைக் கொழும்புக்கு அனுப்பி இதைப் படிப்பித்தார்கள். தன் கீழ் வேலை செய்கிறவருக்கு ஒருவர் கோச்சாக இருக்கக் கூடாது என்றும் அங்கே சொன்னார்கள். எங்களிடம் ஆள் இல்லாததால் அந்த விதியை நாங்கள் கண்டும் காணாதது போல விட்டுவிட்டோம். நூலகத்தின் பின்னால் ஒரு சிறிய அறை. இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் போத்தல். மாதம் இரண்டு முறை அவர் வருவார். ஐந்து மாதங்கள் வந்தார்.

என்னுடைய பயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். லயத்துக்கு விலாசம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஒபீசுக்குத்தான் வரும். அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும். யாராவது நினைத்தால் கையில் கிடைக்கும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் நான் உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது என் அப்பா பதுளை பசாரில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளியிடம் போய் நின்றார். "என் கட வெலாசத்தையே போட்டுக்கச் சொல்லுப்பா, பட்டணத்துல தபால் ஒழுங்கா வரும்" என்றார் அவர். நல்ல மனிதர். என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் அந்தக் கடைக்குத்தான் வந்தது.

முதல் வாரத்தில் ஒரு விரிவுரையாளர் என் கோவையில், விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, அந்தக் கடை முதலாளியின் மகனா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையின் மேல் நாற்பது வருடங்களைக் கட்டினேன். கல்யாணத்தில் முதலாளியின் குடும்பம் முன்வரிசையில் இருந்தது. என் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். ஆசிரியர் அறையில் யாராவது "தோட்டக்காட்டான்" என்று தோட்டத்து மக்களை இழித்துக் கதை சொல்லிச் சிரித்தால் நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கும் முன் மற்றவர்களின் கண்களைச் சுற்றிப் பார்த்துக்கொள்வேன். பீடாதிபதி ஆன பிறகு பயம் குறையும் என்று நினைத்தேன். உயரம் கூடக் கூட விழும் தூரமும் கூடியது.

அந்தப் பெண் கடைசியாக அறைக்கு வந்த நாள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார். துறைத் தலைவர் பதவிக்கு அவருடைய பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. எழும்பும்போது சொன்னார்:

"சேர், ஒண்ணு சொல்லவா? எங்க அம்மாவுக்கு ஒங்கள நல்லாத் தெரியுமாம். ஒங்க அம்மாவும் எங்க அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நெரையில கொழுந்து எடுத்தவங்களாம். நான் நம்பவே இல்ல. எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?"

"உங்க அம்மாவுக்கு ஆள் மாறியிருக்கும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படித்தான் இருக்கும் சேர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் துறைத் தலைவரானால் ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்கு எதிரே இருப்பார். ஒரு நாள் தேநீர் நேரத்தில், கெட்ட எண்ணம் இல்லாமல், சிரித்துக்கொண்டே யாரிடமாவது சொல்லிவிடுவார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாட்களில் துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டார். இப்போது அவர் உயிரோடு இல்லை. அந்தப் பெண்ணை நியமிக்கலாமா என்று கேட்டார். கெட்டிக்காரி என்றேன். பிறகு, நெருக்கடி வந்தால் தாங்குவாரா என்பது சந்தேகம் என்றேன். எப்படித் தெரியும் என்றார். கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு, அந்த அறையில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். துணைவேந்தர் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதிக்கொண்டார்.

பதவி வேறொருவருக்குப் போனது. துணைவேந்தர் இரக்கமுள்ளவர். நடைபாதையில் அந்தப் பெண்ணைக் கண்டபோது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த மாதிரி விடயங்களுக்கு இப்போது நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அந்த விடயத்தை அந்தப் பெண் உலகத்தில் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நூலகத்து அறைக்கு வருவதை நிறுத்தினார். காலையில் எதிரே வந்தால் முன்பு போலவே "குட் மோர்னிங் சேர்" என்பார். நான் ஓய்வு பெறும் வரை, மூன்று வருடம், அந்த "குட் மோர்னிங்" கேட்டது. அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு பதுளைக்கு வந்தேன். மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். தேயிலைக் கம்பனிகள் தங்கள் தோட்டங்களை நடத்தும் துரைமாரை என்னிடம் கோச்சிங்குக்கு அனுப்பின. வங்கி முகாமையாளர்களும் வந்தார்கள். ஸ்பிரிங்வெளி பஸ் நிற்கும் பக்கம் நான் போவதில்லை. மழை இல்லாவிட்டாலும் பஸ் நிலையத்தைக் கடக்கும்போது குடையை விரித்துக்கொள்வேன்.

போன வருடம் ஒரு நாள் புதிதாக ஒரு வங்கி முகாமையாளர் வந்தார். தோள் அகன்ற மனிதர். உட்கார்ந்ததும், "சேர், இங்க சொல்றது வெளிய போகாதுதானே?" என்று கேட்டார். ஆயிரம் தடவை சொன்ன பதில். "போகாது" என்று சொல்ல வாய் திறந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, இன்று எனக்குச் சுகமில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினேன்.

அதே வாரத்தில், பழைய சக ஊழியர் ஒருவர் டெலிபோனில் பேசும்போது, அந்தத் துறைத் தலைவர் பதவி மறுபடி வெற்றிடமாகிறது, அந்தப் பெண்ணின் பெயரும் இருக்கிறது, ஆனால் கோவையில் பழைய குறிப்பு ஒன்று கிடக்கிறதாம் என்று சொன்னார். அது யாருடைய குறிப்பு என்று அவருக்குத் தெரியாது.

மூன்று நாள் உட்கார்ந்து புதிய துணைவேந்தருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். நான் நம்பிக்கையை மீறினேன், அந்தக் குறிப்பை நீக்க வேண்டும் என்று எழுதினேன். சும்மா சொன்னால் நம்புவார்களா? என்ன மீறினேன் என்று தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே அவர் என்னிடம் சொன்னதையும் எழுதினேன். ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதாதே என்று வாழ்நாள் முழுவதும் மாணவர்களுக்குச் சொன்னவன் நான். பதுளைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன். பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் டெலிபோன் அடித்தது.

"சேர், நான்தான் பேசுறேன்."

"குட் மோர்னிங் சேர்" சொன்ன அதே குரல்.

"ஒங்க கடிதம் பார்த்தேன். நியமனக் குழுவுக்குப் பதினொரு கொப்பி அடிச்சுக் குடுத்திருக்காங்க. எனக்கும் ஒண்ணு காட்டினாங்க."

"நான் உண்மையைத்தான் எழுதினேன்..."

"மொதல்ல ஒருத்தர்கிட்ட சொன்னீங்க. இப்ப பதினொரு பேருகிட்ட சொல்லிட்டீங்க."

டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒங்க உண்மைய நீங்க எழுதுங்க சேர், யாரு வேணாங்குறா? இது என்னோடது. ரெண்டு பக்கத்துலயும் தேடிப் பார்த்தேன். என்னோட கத முழுசா இருக்கு. ஒங்க லயம் எங்க சேர்? 'தனிப்பட்ட காரணத்தால்'னு ஒரு வரி. அவ்வளவுதான்!"

அந்த வரியை நான் நான்கு தடவை திருத்தி எழுதியிருந்தேன்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். கோச்சிங் செய்கிறவன் எதிரில் இருப்பவருக்கு விட வேண்டிய கேள்வி அது.

"லீவுல வந்திருக்கேன். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. அம்மா பாக்கணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ். குடை கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். கடைசித் திருப்பத்தில் மலைச்சரிவும் தகரக் கூரைகளும் தெரிந்தன. தோட்டத்துப் பாதையில் ஏறும்போது யாரோ என் பின்னால், "யாரு இது, தொரையா?" என்று கேட்க, "தொரை நடந்தா வருவாரு?" என்று இன்னொருவர் சொல்ல, பெண்கள் சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணின் தாயார், காம்பிரா என்று சொல்லும் தங்கள் லயத்து அறையின் வாசலில் நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். மகள் உள்ளே தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. ஆள் மாறலையே?" என்றார் தாயார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒங்க அம்மா செத்தப்ப நாங்க லயத்தோட ஒங்க பட்டணத்து வீட்டுக்கு வந்தோம். ஒங்க பெரிய பெரிய ஆளுங்க உள்ள ஒக்காந்திருந்தாங்க. எங்களுக்குக் கேட்டுலயே பிளேன்டீ குடுத்து அனுப்பிட்டீங்க. மொகத்தக்கூட பாக்க விடல."

"ஆமாங்க" என்றேன்.

"சீனி நல்லாப் போட்டிருந்தாங்க. அதச் சொல்லணும்."

உள்ளேயிருந்து மகள், "அம்மா, போதும்" என்றார்.

"என்ன போதும்? பத்துப் பன்னெண்டு வருசமா வச்சிருந்தது, ரெண்டு வார்த்த பேச விடு. உள்ள வாங்கண்ணே, கேட்டெல்லாம் எங்களுக்குக் கெடையாது."

நான் உள்ளே போனேன். தலை குனிந்துதான் நுழைய வேண்டும். அந்தப் பழக்கம் கழுத்துக்கு மறக்கவில்லை.

அன்று அங்கேயே இரண்டாவது கடிதத்தை எழுதினேன். ஒரே பக்கம். நான் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் பிறந்தேன், அதை மறைத்தேன், இந்த விரிவுரையாளருக்கு அது தெரியவந்தது, அது வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் அவருக்கு எதிராகப் பேசினேன். என் முதல் கடிதத்தை மீளப்பெறுகிறேன், பிரதிகளை அழித்துவிடுங்கள். எழுதி முடித்து மகளிடம் நீட்டினேன். அவர் தன் பேனாவால் இரண்டு வரிகளை அடித்தார். அந்த இரண்டிலும் நான் அவரைப் புகழ்ந்திருந்தேன்.

துணைவேந்தரின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. கிடைக்கப்பெற்ற ஆவணத்தைக் கோவையிலிருந்து அகற்ற வழியில்லை, இரண்டாவது கடிதமும் அதனோடு சேர்க்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தார். நான் கோச்சிங் செய்த கம்பனிகளுக்கும் நடந்ததை நானே அறிவித்தேன். இரண்டு கம்பனிகள் நன்றி சொல்லி நிறுத்திக்கொண்டன. மூன்றாவது கம்பனி பதிலே போடவில்லை. அந்த வங்கி முகாமையாளரைக் கூப்பிட்டு, அன்று ஏன் பதில் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர் அதன் பிறகு வரவில்லை. பழைய சக ஊழியர்களில் ஒருவர் மட்டும் பேசினார். "எங்களுக்கெல்லாம் எப்பவோ தெரியும்ப்பா. நீ மறைக்கிறதப் பார்த்து நாங்களும் மறைச்சோம்" என்றார். என்னைத் தவிர யாருக்கும் தேவைப்படாத ஒரு ரகசியத்துக்காக அந்தப் பெண்ணின் ரகசியத்தை விற்றிருக்கிறேன்.

பதவிக்கான நேர்முகத் தேர்வில் குழுவில் ஒருவர் அவரிடம் அந்த விடயத்தை நேரடியாகவே கேட்டிருக்கிறார். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும், தற்காலிகமாக, 'பதில்' துறைத் தலைவராக அவரை நியமித்திருக்கிறார்கள். 'பதில்' என்றால் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று அர்த்தம். ஒரு கூட்டத்தில் அவர் கொஞ்சம் குரல் தடுமாறினால் போதும், மேசையைச் சுற்றியுள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை அங்கே வைத்தவன் நான்.

இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன். "ஒங்களோடத எழுதுங்க" என்றார். எழுதியதைக் காட்டினேன். ஒரு பத்தியை அடித்தார். அந்தப் பத்தி இங்கே இல்லை.

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைத் தாயார் எனக்குச் சொன்னார். குழுவில் இருந்த ஒவ்வொருவரின் அறைக்கும் தானே போய், என் முதல் கடிதத்தின் பிரதியைத் திருப்பித் தரும்படி கேட்டிருக்கிறார். ஒன்பது திரும்பி வந்தன. ஒருவர் தன்னுடையது தொலைந்துவிட்டது என்றாராம். இன்னொருவர் தனக்கு அப்படி ஒன்று தரப்படவே இல்லை என்றாராம்.

தபால்காரர் கேட்டைத் தட்டும்போதெல்லாம் எனக்குத் திரும்பி வராத அந்த இரண்டு பிரதிகளும் ஞாபகம் வருகின்றன.