பக்கத்துச் சீட்டு பிரேக்

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே "இண்டிகேட்டர் போடுங்க, ஓரம் கட்டுங்க" என்பார். அப்போதுதான் தட்டுத்தடுமாறி மூன்றாவது கியரைப் பிடித்திருப்போம். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பா வெளியே வரும். மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர், "ம், எடுங்க." எங்கள் டிரைவிங் மாஸ்டருக்குக் காலை எட்டும் மாலை எட்டும் இப்படித்தான்.

பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வலது கால் எப்போதும் அதன்மேல்தான். கடை வாசலில் சும்மா நிற்கும்போது எவனாவது குறுக்கே ஓடினால்கூட அந்தக் கால் தரையை அமுக்கும். என்னை நான்கு மாதமாகத் திட்டுகிறார். பாவம், நானும் மாறவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. அக்கா ஒன்றைக் கொடுத்தார். அதை உடம்பு அந்நியமென்று விரட்டிவிடாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. அந்த அக்காவும் எங்களோடு பாடம் படித்தவர்தான். ஐம்பத்தேழு வயதில் லைசென்சே வாங்கிவிட்டார். தம்பியின் கால் மட்டும் பிரேக்கை விட்டு நகரவில்லை. "கிட்னியவே குடுத்தேன், ஸ்டியரிங்க நம்பித் தர மாட்டேங்கிறான்" என்று என்னிடம் குறைப்படுவார்.

மாஸ்டருக்குக் கொஞ்சம் மூளை அதிகம். வினையே அதுதான். இந்த மருந்தால் ரத்த அழுத்தமும் கொழுப்பும் ஏறலாம், இதயத்தைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா மாரடைப்பில் போனவர். பயந்துபோன மனிதர் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் மாலை மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் டப்பாவைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார்! ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. அக்காவின் சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தது.

"வண்டி லேசாப் போகணும்னு ஒருத்தர் பிரேக்கையே கழட்டி வச்சா, நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாராம் டாக்டர். அக்கா திட்டியிருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார். அவரோ எட்டு மணிக்கு மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

மூன்று நாள் மருத்துவமனையில் ஊசி. பிறகு பழைய மாத்திரை ஒரு வேளையும் தவறாமல். அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று கூடுதலாக. உப்பு குறைந்தது. தெருமுனைக் கடைக்கும் காரில் போனவர், தினமும் முக்கால் மணி நேரம் அக்காவோடு நடக்கிறார். நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு பெரிய உண்மை தெரிந்ததாம்: "நான் சொல்லிக்குடுத்தவங்களா இவ்ளோ கேவலமா ஓட்டுறாங்க?"

போன வாரம் மறுபரிசோதனை. பயிற்சிக் காரில் நானும் போயிருந்தேன். சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. அழுத்தமும் கொழுப்பும் இறங்கியிருந்தன. இதயத்துக்கும் இப்போதைக்குக் குறையில்லை. அக்கா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார், மடித்துக் கைப்பையில் வைத்தார், சாவிக்குக் கை நீட்டினார்.

பெரிய சாலை, ஸ்டியரிங்கில் அக்கா, பக்கத்துச் சீட்டில் மாஸ்டர், முன்னால் லாரி. பின்சீட்டிலிருந்து பழக்கதோஷத்தில் மாஸ்டரின் வலது காலைப் பார்த்தேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.